பின் விளக்கு அணைந்தால் குற்றவாளி யார்?

(கல்குடாவில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மலைநாட்டிலிருந்து வந்திருக்கும் உங்களையும், இந்தக் கரையோரத்துத் தென்னந்தோட்டங்களிலும் மரமுந்திரிகைத் தோட்டங்களிலும் வேலை செய்யும் எமது உறவுகளையும் வரவேற்கின்றோம். நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, பிபிலை, மகாஓயா என்று வளைந்து இறங்கிச் செங்கலடியில் முடியும் ஏ5 வீதியில்தான் உங்களில் பலர் வந்திருப்பீர்கள். மலையையும் கடலையும் சேர்த்துவைக்கும் வீதி அது. ஆனால் இரவிலும் பனிமூட்டத்திலும் அந்த வீதியில் முன்னால் ஒரு வாகனம் போகிறது என்பதைப் பின்னால் வருபவருக்குச் சொல்வது இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டுமே. இன்று அந்த இரண்டு விளக்குகளைப் பற்றிப் பேசுகின்றோம்.

சம்பளப் பிரச்சினை இருக்கிறது, வீட்டுப் பிரச்சினை இருக்கிறது, காணிப் பிரச்சினை இருக்கிறது, இதற்கிடையில் விளக்கைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தூரத்து மலைக்குப் போக நாம் ஏறுவது லொறியின் பின்பெட்டியில். இந்தப் பகுதியில் உழவு இயந்திரப் பெட்டியில். பின்னால் வரும் பஸ் மோதினால் முதலில் அடிபடுவது முன்னால் இருக்கும் சாரதி அல்ல, பெட்டியில் நிற்கும் நாமும் எமது பிள்ளைகளும்தான். ஆகவே பின் விளக்கு என்பது எமது உயிர்ப் பிரச்சினை.

விளக்கு எரியாவிட்டால் என்ன நடக்கிறது? பொலிஸார் மறிக்கிறார்கள். சாரதிக்குத் தண்டப்பணம். விபத்து நடந்துவிட்டால் ‘சாரதியின் கவனயீனம்’ என்று அறிக்கையில் எழுதப்படுகிறது. அந்தச் சாரதியும் பெரும்பாலும் எம்மைப் போல் நாட்கூலிக்கு வேலை செய்பவர்தான். வாகனத்தை வீதிக்கு எடுக்க முன் விளக்குகளைப் பார்க்கவேண்டியது அவரது கடமை. அதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் விளக்கு ஏன் அணைந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பது சங்கத்தின் வேலை.

ஒரு விளக்கு அணைவதற்கு மூன்று வகையான காரணங்கள் உண்டு. முதலாவது, பல்ப் தன் ஆயுள் முடிந்து எரிந்துபோவது. எல்லாப் பல்பும் ஒருநாள் போகும், புதிதாக ஒன்றைப் போட்டால் முடிந்தது. இரண்டாவது, பராமரிப்பில்லாமை. வயர் அறுந்து தொங்கும், கண்ணாடி உடைந்து மழைநீர் இறங்கும், உரிமையாளரோ நிர்வாகமோ பார்க்காமல் விட்டிருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் ஏறக்குறைய ஐந்து வருடமாக எமது வீதிகளில் பழைய வாகனங்களே ஓடின. அவற்றில் இந்த வகைப் பழுது அதிகம். இதற்குப் பொறுப்பு வாகனச் சொந்தக்காரர். மூன்றாவது, வாகனம் தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போதே கூடவரும் குறைபாடு. வயர் இணைப்பு தண்ணீர் படும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கும், எர்த் சரியாகப் பிடித்திருக்காது, பிரேக் மிதிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய சுவிட்ச் தரமற்றதாக இருக்கும். இதற்குச் சாரதியும் பொறுப்பல்ல, வாங்கியவரும் பொறுப்பல்ல. செய்தவர்தான் பொறுப்பு.

மூன்றாவது வகையை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. கொழுந்து எடுக்கும் எமது பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு பெண்ணின் கொழுந்து நிறுவையில் ஒரு கிலோ குறைந்தால், “உன் கூடையில் தண்ணீர், உன் கணக்குப் பிழை” என்று சொல்லி அனுப்பிவிடலாம். அன்றைக்கு அந்த மலையில் கொழுந்து எடுத்த அத்தனை பேருக்கும் ஒவ்வொரு கிலோ குறைந்தால் தராசுதான் பிழை. விளக்கும் அப்படித்தான். ஒரு வாகனத்தில் ஒரு விளக்கு அணைந்தால் அது பல்ப். ஒரே மாதிரியான பத்து வாகனத்தில் ஒரே இடத்தில் ஒரே பழுது வந்தால் அது உற்பத்திக் குறைபாடு.

எமது அங்கத்தவர் ஒருவர் தவணைமுறையில் முச்சக்கரவண்டி வாங்கினார். சில வாரங்களிலேயே பின் விளக்கு மங்கியது. பிரேக் பிடித்தால் சிக்னல் லைட் மினுங்கியது. விற்ற இடத்தில், “தோட்டத்து ரோட்டில் ஓடினால் இப்படித்தான், தண்ணீர் அடித்துக் கழுவினால் இப்படித்தான்” என்றார்கள். அவரும் கராஜில் சொந்தக் காசைக் கொடுத்துத் திருத்திக்கொண்டார். அதே வண்டியை வாங்கிய இன்னும் சிலருக்கும் அதே பதில் கிடைத்தது பிறகுதான் தெரியவந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காசு கொடுத்ததால் அது எங்கேயும் ஒரு முறைப்பாடாகப் பதியப்படவில்லை.

உலகத்தின் பெரிய கம்பனிகளிலும் இதே கதைதான். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி 2009 இல் பிரேக் விளக்குக் குறைபாட்டுக்காகச் சில ஆயிரம் கார்களை மட்டும் திரும்ப அழைத்தது. வயர் இணைப்பில் அரிப்பு ஏற்பட்டு, பிரேக் பிடித்தால் விளக்கு எரியாமலும், பிடிக்காதபோது எரிந்துகொண்டும் இருந்தது. சாரதிகளின் முறைப்பாடுகள் தொடர்ந்து குவிந்தன. அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிறுவனம் விசாரணையைத் தொடங்கியது. 2014 மே மாதத்தில் அதே குறைபாட்டுக்காக 24 இலட்சம் கார்களை அந்தக் கம்பனி திரும்ப அழைக்க வேண்டிவந்தது. ஐந்து வருடத்துக்கு முன்பும் குறைபாடு அதேதான். பதியப்பட்ட முறைப்பாடுகள்தான் கூடியிருந்தன.

2019 இல் ஜப்பானின் சுபாரு கம்பனி 20 இலட்சத்துக்கும் அதிகமான வாகனங்களைப் பிரேக் விளக்குச் சுவிட்சுக்காகத் திரும்ப அழைத்தது. காரணம் என்ன தெரியுமா? வீடுகளிலும் கார்களிலும் மக்கள் பாவிக்கும் சுத்தப்படுத்தும் பொருட்களிலிருந்து வரும் ஒருவகை ஆவி சுவிட்சுக்குள் போய்ப் படிந்து மின்சாரத்தைத் தடுத்தது. “நீ ஏன் அதைப் பாவித்தாய்?” என்று வாங்கியவரைக் கேட்டுத் தப்ப முடியவில்லை. சாதாரண மனிதர் சாதாரணமாகப் பாவிக்கும்போது பழுதாகும் பொருள் குறைபாடுள்ள பொருள். அப்படியென்றால் கல்குடாவின் உப்புக் காற்றையும் மலைநாட்டின் மழையையும் சேற்றையும் தாங்காத விளக்கை எமக்கு விற்றுவிட்டு, “உங்கள் ஊர்க் காற்று சரியில்லை” என்று யாரும் சொல்ல முடியாது. இந்த ஊரில்தான் விற்றீர்கள், இந்த ஊருக்குத் தாங்கவேண்டும்.

பழியைப் பாவிப்பவர் தலையில் போடுவது எவ்வளவு கொடுமையாக முடியும் என்பதற்கு இன்னொரு சம்பவம். இது விளக்கு அல்ல, சக்கரம். 2002 ஜனவரியில் ஜப்பானின் யொக்கஹாமா நகரில் மிட்சுபிஷி லொறி ஒன்றின் சக்கரம் கழன்று ஓடி, நடைபாதையில் பிள்ளைகளோடு சென்ற 29 வயதுத் தாயொருவரைக் கொன்றது. பிள்ளைகள் இருவரும் காயமடைந்தனர். லொறிச் சொந்தக்காரர்கள் சரியாகப் பராமரிக்கவில்லை என்றே கம்பனி சொல்லிவந்தது. சக்கரத்தைத் தாங்கும் ‘ஹப்’ என்ற பாகம் குறைபாடானது என்று 2004 இல்தான் ஒப்புக்கொண்டது. முறைப்பாடுகளை மறைத்துவைத்த விடயமும் வெளிவந்தது. கம்பனியின் முன்னாள் அதிகாரிகள் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். முறைப்பாடுகளைக் கம்பனி மட்டும் கையில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதை இது காட்டுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1916 இல் நியூயோர்க் நீதிமன்றத்தில் பியூக் கார்க் கம்பனிக்கு எதிரான வழக்கு ஒன்றில் தீர்ப்பு வந்தது. காரின் மரச்சக்கரம் நொறுங்கி, ஓட்டியவர் காயப்பட்டிருந்தார். “நாங்கள் வியாபாரிக்குத்தான் விற்றோம், இவருக்கு விற்கவில்லை. சக்கரமும் வேறு கம்பனி செய்தது” என்று பியூக் வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாதுகாப்பைப் பரிசோதிக்கும் கடமை காரைச் செய்து சந்தைக்கு அனுப்பிய கம்பனிக்கு உண்டு என்றது. ‘நான் செய்யவில்லை, பாகம் வேறிடத்தில் வாங்கியது’ என்ற சாக்கு நூறு வருடத்துக்கு முன்பே செல்லாமல்போயிற்று.

இந்தியாவில் 2019 இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப்பெறும்படி உற்பத்தியாளருக்கு அரசாங்கம் கட்டளையிடலாம். குறிப்பிட்ட விகிதமான உரிமையாளர்கள் முறையிட்டால் அதுவே அக்கட்டளைக்குப் போதிய காரணம். இதைக் கவனியுங்கள். அங்கே எண்ணிக்கைக்குச் சட்டமே மதிப்புக் கொடுக்கிறது. எமது நாட்டில் ஓடும் முச்சக்கரவண்டிகளும் லொறிகளும் உழவு இயந்திரங்களும் பெருமளவில் இந்தியாவிலிருந்து வருபவை. கடலைத் தாண்டி வந்ததும் அந்தப் பாதுகாப்பு கழன்றுபோகக் கூடாது. 1951 ஆம் ஆண்டின் எமது மோட்டார் வாகனச் சட்டத்திலும் இத்தகைய தெளிவான பிரிவு எழுதப்படவேண்டும் என்பது எமது கோரிக்கை.

அதுவரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறான பொருளை விற்றால், விற்றவர் மீதும் உற்பத்தி செய்தவர் மீதும் முறையிடலாம். வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக்கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக்கொடுக்கவோ உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். ஜப்பானில் பாவித்து இங்கே கொண்டுவரப்பட்ட வாகனம் என்றால், திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் அது இருக்கிறதா என்று சேசி இலக்கத்தைப் போட்டுக் கம்பனியின் இணையத்தளத்தில் பார்க்கலாம். படிக்கும் உங்கள் பிள்ளைகளிடம் கொடுங்கள், கைத்தொலைபேசியில் பார்த்துச் சொல்வார்கள்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 2022 இல் திருத்தப்பட்டு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துகளும் அதற்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. விபத்து நடந்தால் அன்றைக்கே தோட்டத் தலைவருக்கு அறிவியுங்கள். “வேலை நேரத்தில் நடக்கவில்லை” என்ற பதிலோடு வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

இனி நாம் செய்யவேண்டியது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் ஒரு பதிவுப் புத்தகம் வைக்கவேண்டும். வாகனத்தின் மாதிரி, செய்த வருடம், சேசி இலக்கம், என்ன பழுது, எந்தத் திகதி, விற்றவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதவேண்டும். திருத்தினால் பில்லை வாங்கி வைக்கவேண்டும். கழற்றிய சுவிட்சையும் அரித்துப்போன வயர் இணைப்பையும் கராஜ் குப்பையில் போட விடாதீர்கள். அவைதான் சாட்சி. ஒரே பழுது மூன்று வாகனத்தில் வந்துவிட்டால் உடனே மாவட்டக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள். மற்றத் தோட்டங்களின் புத்தகங்களோடு ஒப்பிட்டு, சங்கத்தின் பெயரில் முறைப்பாடு எழுதுவது எமது பொறுப்பு.

சாரதித் தோழர்களே, புறப்பட முன் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிப் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். அரை நிமிட வேலை. விளக்கு எரியாத வாகனத்தில் ஆட்களை ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள், சங்கம் உங்களோடு நிற்கும். பெட்டிகளின் பின்புறத்தில் சிவப்பு ஒளித்தெறிப்பான் ஒட்டும்படி நிர்வாகங்களுக்கு எழுதியிருக்கின்றோம். அது விளக்குக்கு ஈடாகாது. ஆனாலும் மின்சாரம் போனாலும் மின்னும்.

தாய்மார்களே, லொறியில் ஏறும் முன் நீங்களும் பின்னால் ஒருமுறை பாருங்கள். இரண்டு விளக்கும் எரிகிறதா என்று கேளுங்கள். எரியாவிட்டால் ஏறாதீர்கள். தனியாக ஒருவர் ஏறாவிட்டால் அவருக்குப் பெயர் போடமாட்டார்கள். எல்லோரும் ஏறாவிட்டால் விளக்கைத்தான் திருத்துவார்கள்.

பதிவுப் புத்தகங்கள் இன்று இங்கேயே தலைவர்மாரிடம் வழங்கப்படும். அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது எழுதிய பக்கங்களோடு வாருங்கள்.