கூட்டாஞ்சோற்றின் மணம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் சேர்ந்த பண்டம். செய்முறையை எழுதிக் காத்துவிடலாம். ஆனால் அந்த ஊரிலும் பக்கத்து ராஜபாளையத்திலும் வீட்டு அடுப்பில் வேகும் கூட்டாஞ்சோற்றை எந்தக் குறியீடு காக்கும்? அரிசி, துவரம்பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், கீரை, புளி, அரைத்த தேங்காயும் சீரகமும், எல்லாம் ஒரே பானையில். புளியின் அளவும் காய்களின் சேர்க்கையும் வீட்டுக்கு வீடு மாறும். பிள்ளைப் பருவ நினைவில் அது ஊன்றி நிற்க அந்த மாற்றமே காரணம் என்பேன். ஒரு வீட்டுக் கூட்டாஞ்சோற்றின் மணம் வேறெங்கும் கிடைக்காது. மணமோ, நினைவையும் உணர்ச்சியையும் ஆளும் மூளைப் பகுதிகளுக்கு மற்றப் புலன்களைவிட நேரான வழியில் போய்ச் சேர்கிறது.

சின்ன வயதுப் பசிக்கு எதுவும் ருசிக்கும் என்பார்கள். பசிதான் காரணமென்றால் அன்று சாப்பிட்ட எல்லாமே நினைவில் இருக்க வேண்டும்; இருப்பவை ஒன்றிரண்டுதான். கடையில் இதைவிட நன்றாகச் செய்கிறார்களே என்றும் கேட்கலாம். செய்யட்டும், அது எல்லாருக்குமான ருசி. உங்கள் வீட்டு அளவு உங்கள் ஆச்சியின் கைக்குத்தான் தெரியும். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வையுங்கள்.