கிளை வில்லாகும் வழி



வில் என்னும் சொல் தமிழ்க் கவிதைக்குப் பழகிய சொல். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரி, 'வல்வில்' என்னும் அடையோடுதான் இன்றும் அறியப்படுகிறான். அவன் விடுத்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து உயிர்களை ஊடுருவிச் சென்றதை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அவ்வில் எம்மரத்தால் ஆனது, எந்தக் கை அதனைச் செதுக்கியது என்பவை பாட்டுக்கு வேண்டாத செய்திகள். பின்வந்தோர் கைகளில் வில், மகளிர் புருவத்துக்கு உவமையாகி, உவமையாகவே தேய்ந்தும் போயிற்று. மரத்தில் நின்ற கிளை எவ்வாறு வில்லாகிறது என்று இன்று ஒருவர் கேட்டால், உவமை சொல்லப் பழகிய நா சற்றே தயங்கும்.

இவ்வினாவுக்குத் தம் இரு கைகளால் விடை கூறிய மனிதர் ஒருவர் உண்டு. அவர் வாழ்ந்தது அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியாவில். 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், ஓரோவில் என்னும் ஊரின் புறத்தே, ஆடுமாடு அறுக்கும் கொட்டிலொன்றின் அருகே, பசியால் மெலிந்த ஒருவர் பிடிபட்டார். வயது ஏறத்தாழ ஐம்பது. துக்கத்தின் அடையாளமாகத் தலைமயிரைத் தீயால் கருக்கிக் குறைத்திருந்தார். அவர் பேசிய மொழி அங்கிருந்த எவர்க்கும் விளங்கவில்லை. யானா மொழியின் ஒரு கிளையான யாகி மொழி அது. 1848இல் பொன் கண்டெடுக்கப்பட்டபின் அம்மலைப் பகுதியில் புகுந்த குடியேறிகள் யாகி மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றனர். எஞ்சியோர் ஒரு கைப்பிடியளவினர். அவர்களும் நாற்பதாண்டுக் காலம் பள்ளத்தாக்குகளில் ஒளிந்து வாழ்ந்து, ஒருவர்பின் ஒருவராக மறைந்தபின் தனித்து நின்றவரே இவர். தம் பெயரைத் தாமே சொல்லுதல் அம்மக்களிடையே வழக்கமில்லை. ஆகவே மானிடவியல் அறிஞர் ஆல்ஃபிரட் குரோபர், அவருடைய மொழியிலேயே 'மனிதன்' எனப் பொருள்படும் 'இஷி' என்னும் சொல்லால் அவரை அழைத்தார். உண்மைப் பெயரை அவர் இறுதிவரை எவரிடமும் கூறவில்லை.

சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் பல்கலைக்கழக அருங்காட்சியகம் அவருக்குத் தங்குமிடமாயிற்று. பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி. அங்கே அறுவை மருத்துவம் கற்பிக்க வந்த சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் இஷியின் உடல்நலம் பேணினார். வில் வித்தையில் அவருக்கே மாணவராகவும் ஆனார். இஷி செய்யச் செய்ய அளந்தும் கேட்டும் போப் எழுதிவைத்த குறிப்புகள் 1918இல் ஒரு நூலாயின. 1923இல் மற்றொரு நூலிலும் இடம்பெற்றன. கிளை வில்லான கதை அவற்றின் வழியேதான் கிடைக்கிறது.

இஷி வில்லை 'மன்னீ' என்றார். அதற்கு அவர் தேர்ந்தது மலையில் வளரும் ஜூனிபர் மரம். ஊசியிலை மர வகையைச் சேர்ந்தது, மெல்ல வளர்வது. அதன் கிளையொன்றைப் பிளந்து, நடுவயிரத்தை விடுத்து, பட்டைக்கு அடியிலுள்ள வெளிப்புற அடுக்குகளை மட்டும் எடுத்துக்கொள்வார். வில்லின் நீளத்துக்கு அளவுகோல் அவர் உடம்பே. பக்கவாட்டில் நீட்டிய கையிலிருந்து மறுபக்கத்து இடுப்புவரை ஒரு வில். போப் அளந்தபோது அது 42 அங்குலம் இருந்தது. ஒவ்வோர் அரைப்பகுதியின் நடுவிலும் 2 அங்குல அகலமும் அரை அங்குலத் தடிப்பும் கொண்டு தட்டையாகவும், கைப்பிடியில் ஒடுங்கித் திரண்டும் அது அமைந்தது. சுரண்டியும் மணற்கல்லில் தேய்த்தும் இவ்வடிவைக் கொணர்வார். முனைகள் இரண்டையும் சூடேற்றிய கல்லின்மேல் வைத்துப் பின்புறமாக வளைப்பார். வளைத்தது மீளாதிருக்க, வேறொரு கட்டையோடு சேர்த்துக் கயிற்றால் பிணித்து, ஒளிபுகாத உலர்ந்த இடத்தில் வைத்துவிடுவார்.

அதன்பின் காத்திருத்தல். தேவை நெருக்கினால் சில திங்கள், இல்லையேல் ஆண்டுகள். ஈரம் உள்ள மரத்தை வளைத்தால் அது வளைந்தவாறே நின்றுவிடும், மீண்டு துள்ளாது. துள்ளாத மரம் கோலாகலாம், வில்லாகாது.

மரத்தை உலர்த்தும் இத்தொழிலில் அண்டை மாநிலமான நெவாடாவின் பழங்குடியினர் இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கின்றனர். உயிரோடு நிற்கும் ஜூனிபர் மரத்தில் வில்லின் நீளத்துக்கு மேலும் கீழும் வெட்டி, இடைப்பட்ட பகுதியின் வளர்ச்சியை நிறுத்தி, அதனை மரத்திலேயே உலரவிட்டு, பின்னர் பிளந்து எடுத்திருக்கின்றனர். தொல்லியலாளர் பிலிப் வில்க் 1988இல் இதனை விரிவாக எழுதினார். வில்லை ஈன்ற மரம் சாகவில்லை. காயம் ஆறி வளர்ந்த இடத்திலிருந்தே மறுபடியும் வில்மரம் எடுத்த தழும்புகளை இன்றும் அம்மரங்களில் காணலாம்.

இஷியின் வில்லுக்குத் திரும்பலாம். வில் வளையும்போது எய்பவனுக்கு அப்புறமுள்ள முகம் இழுபடுகிறது. அவனை நோக்கியுள்ள முகம் அழுந்துகிறது. முன்னதை முதுகு என்றும் பின்னதை வயிறு என்றும் வில் செய்வோர் அழைப்பர். ஆளுயரமுள்ள ஆங்கிலேயரின் நெடுவில்லில் வளைவு நீளம் முழுவதும் பரவிவிடுவதால் வெறும் மரமே போதும். புதர்க்காட்டில் குந்தியிருந்து எய்யும் வேடனுக்கோ அவ்வளவு நீண்ட வில் தொல்லை. குட்டை வில்லை மிகுதியாக இழுத்தால் ஜூனிபர் மரத்தின் வயிறு பொறுக்கும், முதுகு விண்டுபோகும். அம்முதுகுக்கு வேறோர் உயிரின் உடலிலிருந்து வலிமை வாங்க வேண்டியிருந்தது.

மானின் காலிலுள்ள தசைநாணே அவ்வலிமை. இஷி முதலில் சால்மன் மீனின் தோலைக் காய்ச்சிப் பசையாக்கினார்; சொரசொரப்பாக்கிய முதுகின்மேல் அதனைப் பூசி உலர்த்தினார். பின் தசைநாண்களை வாயிலிட்டு மென்று மென்று இழை இழையாகப் பிரித்தார். உமிழ்நீரில் ஊறிய இழைகள் மென்மையும் ஒட்டும் தன்மையும் பெறும். அவற்றை நுனியோடு நுனி மேற்பொருந்த அடுக்கி முதுகு முழுவதையும் தடிப்பாக மூடினார். முனைகளில் சுற்றிலும் வரிந்தார். உலரும்வரை வில்லோ மரப்பட்டையின் நீண்ட கீற்றுகளால் இறுகக் கட்டிவைத்தார். சில நாள் கழித்துக் கட்டவிழ்த்து, ஓரங்களைச் சீராக்கி, மீண்டும் பசை பூசி, மணற்கல்லால் தேய்த்து மழமழப்பாக்கினார். கைப்பிடியில் நான்கு அங்குல நீளத்துக்கு மான்தோல் வார் சுற்றப்பட்டது. நாணும் மானின் கால் தந்ததே. இன்னும் மெல்லிய இழைகளை மென்று முறுக்கி, ஈரம் உலருமுன் இரு கொம்புகளுக்கிடையே கட்டி, உமிழ்நீர் தடவி உருவி எடுத்தார்.

இதனைப் படிக்கும் தமிழருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. உடலுறுப்புக்கு மருத்துவத் தமிழ் வழங்கும் பெயர் 'தசைநாண்'; நாண் என்பது வில்லின் கயிறு. யாழில் கட்டுவதும் உடலில் ஓடுவதும் தமிழில் 'நரம்பு' என்னும் ஒரே சொல். 'வரிவில்' என்னுமிடத்து வரி என்பதற்குக் கட்டு என உரையாசிரியர்கள் பொருள் எழுதினர். வரிந்து கட்டப்பட்ட வில்லைக் கண்ணாற் கண்டிராத மாணவர்க்கு அவ்வுரை வெறும் சொற்பொருளாகவே நின்றுவிடுகிறது. இஷியின் கைவேலையைப் படித்தபின் அச்சொல்லில் பசையின் மணமும் பல்லின் வேலையும் தெரிகின்றன.

செய்து முடித்த வில்லுக்குச் சில ஒழுக்கங்கள் இருந்தன. மரத்தில் எம்முனை மேல்நோக்கி வளர்ந்ததோ அம்முனையே எய்யும்போதும் மேலே இருத்தல் வேண்டும். மாறினால் அம்பு குறிதவறும். வேலையில்லாத வில்லை நிறுத்திவைத்தல் கூடாது. நின்றால் அது உழைத்துக்கொண்டே இருக்கும், வியர்க்கும், வலுவிழக்கும். படுக்கவைத்தல் வேண்டும். குழந்தை தாண்டினால் கோணிச் சுடும். பெண் தொட்டால் தீட்டு. மணலும் நீரும் கொண்டு கழுவவேண்டும். இவற்றை மூடநம்பிக்கை என ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது எளிது. ஆனால் மரம் ஓய்வை விரும்பும் என்பது எல்லா நாட்டு வில்லாளரும் அறிந்தது. இழுபட்டபடியே கிடக்கும் வில் தன் துள்ளலை மெல்ல மெல்ல இழக்கும். நாண் இறக்கிவைப்பதன் காரணம் அதுவே. கிளையின் மேல்முனையை மறவாதிருக்கச் சொன்ன விதி, வில்லைக் கையிலெடுக்கும்போதெல்லாம் அது நின்ற மரத்தையும் நினைக்கச் செய்தது. பெண்ணைப் பற்றிய விதிக்கு மட்டும் இவ்வாறு சமாதானம் தேட வேண்டியதில்லை. பல பழஞ்சமுதாயங்களிலும் ஆடவர் இயற்றிக்கொண்ட விதி அது, தமிழருக்கும் புதியதன்று.

1908 நவம்பரில் நிகழ்ந்ததை இங்கே கூறியாக வேண்டும். மின்னாக்கத்துக்கு அணை கட்ட நிலம் அளக்க வந்தோர், டீர் கிரீக் என்னும் ஆற்றின் கரைக்காட்டில் மறைந்திருந்த குடில்களைக் கண்டனர். அங்கிருந்தோர் நால்வரே: இஷி, அவருடைய முதிய தாய், தங்கை என்று கருதப்படும் பெண், ஒரு முதியவர். நடக்கவியலாத தாயைப் போர்வைகளுக்கடியில் மறைத்துவிட்டு மற்றவர் ஓடினர். அன்றைக்குப்பின் அப்பெண்ணையும் முதியவரையும் எவரும் பார்க்கவில்லை. தாயும் விரைவில் இறந்தார். வந்தவர்கள் அம்மூதாட்டிக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் கூடை, தோலாடை, வில், அம்பு என அகப்பட்டவற்றையெல்லாம் நினைவுப்பொருள்களாக எடுத்துச் சென்றனர். கிளையைத் தேர்ந்து, பிளந்து, ஆண்டுக்கணக்கில் உலர்த்தி, மான் வேட்டையாடி, தசைநாணை மென்று, பசை காய்ச்சிச் செய்த பொருள் ஒரு முற்பகலில் பறிபோயிற்று. புதிய வில் செய்ய மரம் இருந்தது. மரம் உலரும்வரை உண்பதற்கு என்ன இருந்தது? மூன்றாண்டு கழித்து ஓரோவில் கொட்டிலருகே அவர் பசியோடு நின்றதற்குப் பல காரணங்கள் உண்டு. இது அவற்றுள் சிறியதன்று.

அருங்காட்சியகத்தில் அவர் மீண்டும் வில் செய்தார். இரும்புக் கத்தியும் அரமும் கிடைத்தபின் அவற்றை விருப்பத்தோடு கையாண்டார். மரத்தைக் காக்க அரக்கு மெருகும் பூசினார். எரிமலைக் கண்ணாடிக் கல்லில் செதுக்கிய அம்புமுனைகளைக் கண்ணாடிப் புட்டியின் உடைந்த சில்லிலும் செதுக்கிக் காட்டினார். அம்முனைகளின் வடிவத்தை 1990களில் ஆராய்ந்த ஸ்டீவன் ஷாக்லி, அவை யாகி இனத்தாரின் முனைகளைக் காட்டிலும் அண்டை இனத்தாரின் முனைகளையே ஒத்திருக்கின்றன என்று கண்டார். எண்ணிக்கை சுருங்கிய காலத்தில் பகைக்குலங்கள் ஒன்றாகக் கலந்திருக்கக்கூடும். இஷிக்குச் செதுக்கக் கற்பித்தவர் அவ்வாறு வந்தவராக இருக்கலாம். நாக்குக்கு வட்டார வழக்கு இருப்பதுபோல் கைக்கும் உண்டு போலும்.

அவருடைய வில்லின் இழுவை ஏறத்தாழ 45 பவுண்டு. பெரிய வட்டக் குறிப்பலகையில் போப்பும் நண்பர்களும் அவரை வென்றனர். காட்டிலோ, காடையளவுள்ள சிற்றுயிரையும் அவர் தப்பவிடவில்லை. முயலை எய்ய முயலைத் தேடிச் செல்லமாட்டார். விரலை உதட்டில் வைத்து அடிபட்ட குட்டிபோல் ஒலியெழுப்பி, அதனைத் தம்மிடம் வரவழைப்பார்.

கவிஞர் கூடியுள்ள அவையில் விடக்கூடாத செய்தி ஒன்று உண்டு. சில வேளைகளில் இஷி நாணேற்றிய வில்லின் ஒரு முனையைத் திறந்த வாயின் ஓரத்தில் வைத்து, அம்பால் நாணை மெல்லத் தட்டி இசைப்பார். வாயே குடமாகி ஒலியைப் பெருக்கும். பெரும்பாணாற்றுப்படையில் இடையன் குமிழமரக் கொம்பை வளைத்து மரல் நாரை நரம்பாகக் கட்டி இசைக்கும் வில்யாழும், தென்பாண்டி நாட்டில் வீசுகோலால் அடித்துக் கதை பாடும் வில்லுப்பாட்டும் இதற்கு உறவினர். வில் முதலில் கொன்றதா பாடியதா என்ற வழக்கை ஆய்வாளரிடம் விட்டுவிடலாம். அவ்விசையோடு இஷி பாடிய கதையைப் போப் குறித்திருக்கிறார். வலிய வில்லேந்திய வீரன் ஒருவன், தன் அம்பை நெருப்பிலும் கடலிலும் தோய்த்துக் கதிரவனை நோக்கி விடுத்தானாம். அது கதிரவனின் வட்ட வாயிலுள் நுழைந்து ஒளியை அவித்தது. உலகு இருண்டது, மனிதர் குளிரால் நடுங்கினர், உறைந்துபோகாதிருக்க உடலில் இறகு முளைத்தது. அவ்வாறு பிறந்தவையே பறவைகள்.

1915 கோடையில் மொழியறிஞர் எட்வர்ட் சபீர் நாள்தோறும் அவரோடு அமர்ந்து கதைகளை எழுதிக்கொண்டார். அந்த உழைப்பினிடையே நோய் முற்றியது. 1916ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் இஷி எலும்புருக்கி நோயால் இறந்தார். போப் பின்னர் ஆர்தர் யங் என்னும் நண்பரோடு சேர்ந்து வில்வேட்டையை அமெரிக்கரிடையே பரப்பினார். வில் செய்யும் முறையும் அவர் நூலின் வழியே பலர் கைக்குப் போயிற்று. மன்னீ என்னும் சொல்லை அன்றாடம் பேசுவோர் எவரும் இல்லை.

அவருடைய உடலை அறுத்து ஆராயலாகாது என்று குரோபர் எழுதிய மடல் காலந்தாழ்ந்து வந்து சேர்ந்தது. மூளை தனியே எடுக்கப்பட்டு வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. நண்பர்கள் அவருடைய பெட்டியில் ஒரு வில், ஐந்து அம்புகள், கருவாலிக்கொட்டை மாவு நிறைந்த கூடை, சிப்பி மணிகள், புகையிலை ஆகியவற்றை வைத்து உடலை எரியூட்டினர். 2000ஆம் ஆண்டில் மூளையும் சாம்பலும் யானா வழிவந்த உறவினரான பழங்குடியினரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் அவற்றை அவர் பிறந்த மண்ணில் புதைத்தனர். இடம் எதுவென்று வெளியாருக்குச் சொல்லவில்லை.