சிறு கம்பெனி ஷேர்: விலை ஏறுகிறது, வாங்குபவர் எங்கே?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய மாலைப் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

நான் இன்று வேறு விஷயம் பேசுவதாக இருந்தேன். வரும் வழியில் டீக்கடையில் ஒரு விவாதம் கேட்டேன். அது என்னை விடவில்லை. ஆகவே அதையே பேசுகிறேன்.

ஷிப்டு முடிந்து வந்த இரண்டு வாலிபர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடினார்கள். ஒருவர் சொன்னார்: "இன்றைக்குப் பெரிய கம்பெனி எல்லாம் ஒரு காலத்தில் சிறிசுதானே? சிறிசாக இருக்கும்போதே ஷேர் வாங்கிவிட வேண்டும். ஒன்று பத்தாகும்." மற்றவர் சொன்னார்: "அத்தனையும் சூதாட்டம், போடா!"

இருவர் சொல்லிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஷேர் என்றால் என்ன?

ஷேர் என்பது கம்பெனியில் ஒரு துண்டு. பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்குப் புது மெஷின் வாங்கப் பணம் வேண்டும். பாங்கியில் வாங்கினால் வட்டி கட்ட வேண்டும். ஆகவே கம்பெனியில் ஒரு பங்கைத் துண்டு போட்டு ஜனங்களிடம் விற்கிறார். இப்படிப்பட்ட சிறு கம்பெனிகளுக்கென்றே மும்பையின் இரண்டு பெரிய பங்குச் சந்தைகளும் 2012-ல் தனிப் பகுதி திறந்தன. அதில் நேர்மையாகத் தொழில் நடத்தி, வளர்ந்து, பெரிய சந்தைக்குப் போன கம்பெனிகளும் உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஷேர் விலை இரண்டு விதமாக ஏறும். தொழிலாளி உழைத்து, சரக்கு விற்று, லாபம் பெருகி ஏறுவது ஒன்று. வாங்க வரும் கூட்டம் பெருகியதால் மட்டும் ஏறுவது மற்றொன்று. இரண்டாவது விதத்தில் விலை பத்து மடங்கு ஏறினாலும் ஆலையில் ஒரு கஜம் துணிகூடக் கூடுதலாக நெய்யப்படுவதில்லை. பின்னால் வருபவன் பணம் முன்னால் வந்தவன் பைக்குப் போகிறது. அவ்வளவுதான்.

12 கோடிக்கு 4,700 கோடி!

2024 ஆகஸ்டில் டெல்லியில் நடந்ததைக் கேளுங்கள். மோட்டார் சைக்கிள் விற்கும் ஒரு கம்பெனி. கடைகள் இரண்டு. வேலையாட்கள் எட்டே பேர். ஷேர் விற்று உத்தேசமாக ரூ.12 கோடி திரட்ட வந்தது. ஜனங்கள் எவ்வளவுக்கு விண்ணப்பம் போட்டார்கள் தெரியுமா? ரூ.4,700 கோடிக்கு மேல்! கேட்டதைப் போல் ஏறக்குறைய 400 மடங்கு!

இந்த எட்டுப் பேர் இரவு பகலாக வண்டி விற்றாலும் இத்தனை ஆசைக்கு ஈடு கட்ட முடியுமா? விண்ணப்பம் போட்டவர்களில் எத்தனை பேர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள்? ஒதுக்கீடு கிடைத்தால் மறுநாளே அதிக விலைக்குத் தள்ளிவிடலாம் என்பதே பெரும்பாலோரின் எண்ணம்.

கூட்டம் சேர்ப்பது யார்?

சில சமயம் கூட்டம் தானாகச் சேருகிறது. சில சமயம் சேர்க்கப்படுகிறது. சாதனா பிராட்காஸ்ட் என்ற சிறிய டெலிவிஷன் கம்பெனியின் கதை இது. 2022 ஜூலையில், பெரும் முதலாளிக் குழுமம் ஒன்று இதை வாங்கப்போகிறது என்று யூடியூபில் பொய்ப் படங்கள் ஓடின. சுமார் 2 ஆயிரமாக இருந்த சிறு பங்குதாரர் தொகை 55 ஆயிரமாகப் பெருகியது. ஏமாந்த ஜனங்கள் வாங்க வாங்க, உள்ளே இருந்தவர்கள் விற்றார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2023 மார்ச்சில் இதை உத்தரவில் எழுதியது. 2025 மே மாதத்தில் 59 பேருக்குத் தடை போட்டு, ரூ.58 கோடியை வட்டியோடு திருப்பிக் கட்டச் சொன்னது. இறுதி உத்தரவு வர ஏறக்குறைய மூன்று வருஷம் ஆயிற்று என்பதைக் கவனியுங்கள்.

மூட்டையும் படியும்

வாங்குவது சுலபம். விற்பதில்தான் வினை. சிறு கம்பெனிப் பகுதியில் ஷேரை மூட்டை மூட்டையாகத்தான் வாங்கி விற்க வேண்டும். அவசரத்துக்கு ஒரு படி அளந்து விற்க முடியாது. மேலும், ஒரு நாளில் விலை இவ்வளவுக்கு மேல் இறங்கக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. விலை அந்த வரம்பைத் தொட்டு நின்றால், விற்க ஆயிரம் பேர் இருப்பார்கள், வாங்க ஒருவர் இருக்க மாட்டார்.

நமக்குத் தெரிந்த ஆலைத் தொழிலாளி ஒருவர் இரண்டு வருஷத்துக்கு முன் பி.எஃப்.பில் எடுத்த பணம் ரூ.1,20,000-ஐ இப்படி ஒரு மூட்டையில் போட்டார். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். போனில் அது ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்று காட்டியது. வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். பிறகு தினம் தினம் இறங்கியது. தினமும் காலையில் விற்கப் போட்டார். வாங்க ஆளில்லை. ஒரு நாள் என்னிடம் வந்து கேட்டார்: "தோழர், போனில் நாற்பத்தெட்டாயிரம் என்று காட்டுகிறதே, அதையாவது யார் தருவார்கள்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போனில் தெரியும் விலை பணமல்ல, தோழர்களே! எதிரே வாங்க ஓர் ஆள் நின்றால்தான் அது பணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெரிய கம்பெனி ஷேர் விற்க வந்தால் அதன் பத்திரத்தைச் செபி ஆராய்கிறது. சிறு கம்பெனியின் பத்திரத்தைப் பங்குச் சந்தையே பார்த்து அனுமதிக்கிறது. 2024 ஆகஸ்டில் செபியே ஜனங்களை எச்சரித்தது. அந்த டிசம்பரில் விதிகளை இறுக்கியது: முந்தைய மூன்று வருஷத்தில் இரண்டு வருஷமாவது தொழிலில் ரூ.1 கோடி லாபம் காட்டிய கம்பெனியே வரலாம். 2025-ல் குறைந்தபட்ச விண்ணப்பத் தொகை ரூ.1 லட்சத்திலிருந்து ரூ.2 லட்சத்துக்கு மேல் உயர்ந்தது. இதன் பொருள் என்ன? நஷ்டத்தைத் தாங்க முடியாதவன் இந்தப் பக்கம் வராதே என்பதுதான்.

ஏன் நம் வாலிபர்கள் போகிறார்கள்? பேராசை என்று ஏசிவிட்டுப் போவது எளிது. கூலி பற்றவில்லை, விலைவாசி நிற்கவில்லை. அதனால்தான் போகிறார்கள். அவர்களிடம் கோபம் வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்:

1. இந்தக் கம்பெனி என்ன செய்கிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், லாபம் எங்கிருந்து வருகிறது?

2. இதை வாங்கு என்று எனக்குச் சொல்பவனுக்கு என்ன ஆதாயம்? அவன் கையில் விற்க எத்தனை ஷேர் இருக்கிறது?

3. நாளைக்கே எனக்குப் பணம் வேண்டுமென்றால், என்னிடமிருந்து வாங்குவது யார்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். பி.எஃப். பணத்தையும், கடன் வாங்கிய பணத்தையும், கல்யாணப் பணத்தையும் எந்தப் பதில் கிடைத்தாலும் இதில் போடாதீர்கள். ஏமாற்றப்பட்டவர் வெட்கப்பட்டு வீட்டில் முடங்க வேண்டாம். செபிக்கு ஸ்கோர்ஸ் வழியாகப் புகார் அனுப்பலாம். எழுதத் தெரியாவிட்டால் சங்க ஆபீசுக்கு வாருங்கள். உட்கார்ந்து எழுதுவோம்.

அந்த ஆலைத் தொழிலாளி இன்று இங்கே நம்மோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இதைச் சொல்லச் சொன்னவரே அவர்தான்.