தடை எங்கே என்று அறிவோம்

(வாசுதேவநல்லூரில் நடைபெற்ற வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கந்தகம் நம் வட்டாரத்தார்க்குப் புதிய பொருளன்று. பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் தீப்பெட்டி ஒட்டிய கைகள் இந்த அவையிலேயே உண்டு. அதே கந்தகத்தைக் கொண்டு மின்சாரத்தைச் சேமிக்க முயலும் ஆராய்ச்சியைப் பற்றி இன்று பேச விழைகிறோம்.

லித்தியமும் கந்தகமும் சேர்ந்த மின்கலத்தில், ஒரு கிராம் கந்தகம் கொள்கையளவில் 1,675 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டம் தரவல்லது. கைப்பேசி மின்கலத்தில் பயன்படும் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு இதில் பத்தில் ஒரு பங்களவே தரும். கந்தகம் மலிவானதுங்கூட. ஆயினும் இம்மின்கலம் விரைவில் நலிந்துவிடுகிறது. கந்தகம் மின்சாரத்தைக் கடத்தாது. மின்னிறக்கத்தின்போது உண்டாகும் பாலிசல்பைடுகள் மின்பகுளியில் கரைந்து லித்தியத்தின் பக்கம் சென்று விடுகின்றன. அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில் எழுந்து, 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தாரும் இக்குறைகளைக் களைய ஆய்வு செய்துள்ளனர்.

நலிவு எங்கே என்று மின்கலத்தை உடைக்காமலே அறிய ஒரு வழி உண்டு. சில மில்லி வோல்ட் அளவே உள்ள மாறுதிசை மின்னழுத்தத்தைச் செலுத்தி, அதன் அதிர்வெண்ணை நொடிக்கு இலட்சம் சுற்றிலிருந்து நூறு நொடிக்கு ஒரு சுற்று வரை படிப்படியாகக் குறைத்து, மின்னெதிர்ப்பை அளக்கின்றனர். விரைந்த அலைக்கு மின்பகுளியின் தடையும், இடைப்பட்ட அலைக்கு மின்முனைப் பரப்பில் உள்ள தடையும், மெதுவான அலைக்கு அயனிகள் ஊர்ந்து பரவும் தாமதமும் வெளிப்படுகின்றன. மின்னிறக்கத்தின் இடைக்கட்டத்தில் மின்பகுளியின் தடை உயர்ந்து, பின்னர் தாழ்வதைக் கண்டுள்ளனர். பாலிசல்பைடுகள் கரைவதையும், பிறகு லித்தியம் சல்பைடாகப் படிவதையும் அந்த ஏற்ற இறக்கம் காட்டிக் கொடுக்கிறது.

மின்னெதிர்ப்புக்கு ஆங்கிலத்தில் 1886இல் பெயரிட்டவர் ஆலிவர் ஹெவிசைடு. வறிய குடும்பத்தில் பிறந்து, பதினாறு வயதில் பள்ளியை விட்டு, தந்திப் பணி செய்து, தாமே கற்றுத் தேறியவர் அவர்.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். அளவீட்டு வரைபடத்தில் தோன்றும் அரைவட்டத்தைக் கண்டவுடன், இது இன்ன தடைதான் என்று தீர்ப்புக் கூறல் ஆகாது. வேறு சோதனைகளாலும் உறுதி செய்தல் வேண்டும்.

பெரியோர்களே! பாதியில் படிப்பை விட்ட நம் பிள்ளையைப் பார்த்து, "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. பேருந்துக் கட்டணமா, வீட்டில் விளக்கின்மையா, வகுப்பில் பட்ட அவமதிப்பா, கணக்குப் பாடத்தில் விட்ட ஓராண்டா? தடை எது என்று கேட்டறியாமல் மருந்து கொடுக்க இயலாது. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் சென்று, பொறுமையாகக் கேட்டறிவதையே இவ்வெள்ளி விழா ஆண்டின் கடமையாக நாம் மேற்கொள்வோம். தீப்பெட்டி ஒட்டிய கைகளின் வழிவந்த பிள்ளைகள், நாளை கந்தக மின்கலத்தை அளந்து பார்க்கும் ஆய்வுக்கூடத்திலும் நிற்க வேண்டும்.