பண்டிகையும் பாகமும்: இந்திய யூதர் அடுக்களை

டில்லி மாநகரின் ஹுமாயூன் சாலையில், 1956-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற சிறிய யூத ஆலயம் ஒன்று உண்டு. அவ்வழியே செல்லும் நம்மவர் பலர் அதனை ஓர் அலுவலகம் என்றே எண்ணிக் கடந்துவிடக் கூடும். நம் நாட்டு யூதர் எண்ணிக்கையில் மிகச் சிறியோர். கொங்கணக் கரையிலே மராத்தி பேசி வாழ்ந்த பெனே இஸ்ரேலர், மலையாளம் பேசிய கொச்சி யூதர், பிற்காலத்தில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் குடியேறிய பாக்தாதியர் என அவர் மூவகைப்படுவர். 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின் இவருள் பெரும்பாலோர் அங்குச் சென்றுவிட்டனர். இங்கு எஞ்சியிருப்போர் சில ஆயிரவரே. இவர்தம் பண்டிகைச் சமையலைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகிறேன்.

முதலில் அவர்களுடைய விதிகளைச் சிறிது அறிந்துகொள்வோம். இறைச்சியும் பாலும் ஒருங்கே சமைக்கப்படுவதில்லை. ஒரே வேளையில் உண்ணப்படுவதும் இல்லை. பால் என்றால் தயிர், வெண்ணெய், நெய் யாவும் அதில் அடங்கும். மீன்களில் துடுப்பும் செதிலும் உடையனவே கொள்ளத்தக்கவை. இறாலும் நண்டும் விலக்கு. சனிக்கிழமையாகிய ஓய்வுநாளில் அடுப்பு மூட்டுதல் ஆகாது. கொங்கணத்தில் எண்ணெய் ஆட்டும் தொழில் செய்த பெனே இஸ்ரேலர் அந்நாளில் செக்கையும் நிறுத்தினர். அதனால் ஊரார் அவர்களுக்கு இட்ட பெயரே ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை வாணியர் என்பது.

விதி இவ்வாறிருக்க, அதற்கு உதவிய பொருள்கள் யாவை? கைக்கெட்டிய தேங்காயும் அரிசியும் கோதுமையும்தாம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வரும் ரோஷ் ஹஷானா என்னும் புத்தாண்டை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய யூதர் ஆப்பிளைத் தேனில் தோய்த்து உண்பர். பெனே இஸ்ரேலர் வீட்டிலோ அல்வா கிண்டுவர். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலுக்கு மராத்தியில் ‘சீக்’ என்று பெயர். திருநெல்வேலி அல்வாவை அறிந்தவர்களுக்கு இப்பாகம் புதிதன்று. ஆனால் நாம் நெய் வார்க்கும் இடத்தில் அவர்கள் தேங்காய்ப்பால் வார்ப்பர். காரணம் வெளிப்படை: விருந்தில் இறைச்சி உண்டு; ஆகவே இனிப்பில் நெய் கூடாது.

டிசம்பரையொட்டி வரும் ஹனுக்கா, ஆலய விளக்கின் எண்ணெய் வற்றாது எரிந்த அற்புதத்தை நினைவூட்டும் விழா. எனவே எண்ணெயில் பொரித்த பண்டம் வேண்டும். ஐரோப்பிய யூதர் உருளைக்கிழங்கைத் துருவி அடையாகப் பொரிக்க, கொச்சி யூதர் நெய்யப்பம் சுட்டனர். மார்ச் மாதத்தை ஒட்டிய பூரிம் விழாவுக்குப் பெனே இஸ்ரேலர் செய்வது பூரணப்போளி. அதே பருவத்தில் அண்டை வீட்டு மராட்டியரும் ஹோலிக்கென்று அதனையே செய்வர்.

இளவேனிலில் வரும் பெசாஹ், அதாவது பஸ்கா, கட்டுப்பாடு மிகுந்த பண்டிகை. புளித்த மாவு வீட்டில் இருத்தலாகாது. மாவில் நீர் பட்டதிலிருந்து 18 நிமிடங்களுக்குள் ரொட்டி சுட்டெடுக்கப்பட வேண்டும். பெனே இஸ்ரேலர் வீட்டுக்கு வெள்ளையடித்து, செப்புப் பாத்திரங்களுக்குப் புதிதாக ஈயம் பூசிக்கொள்வர். சடங்குக்குரிய திராட்சை மது கிடைக்காத ஊர்களில், உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாறே அதன் இடத்தைப் பெற்றது. ஐரோப்பிய யூதர் பஸ்கா நாள்களில் அரிசியை விலக்குவது நெடுநாள் மரபு. இந்திய யூதரோ கோதுமை மணி ஒன்றும் கலவாதபடி அரிசியை ஆய்ந்து எடுத்து, சோறு உண்டு வந்தனர். 2015-இல் அமெரிக்க யூதரின் கன்ஸர்வேடிவ் பிரிவினது சமயச் சட்டக் குழுவும், ஐரோப்பிய வழியினர் அரிசி உண்ணலாம் என்று தீர்ப்பளித்தது.

இக்காலத்தில் பாகம் சுருங்கிவிட்டது. கோதுமைப் பாலுக்குப் பதில் கடைச் சைனாகிராஸ். பிழிந்த தேங்காய்ப்பாலுக்குப் பதில் டப்பாப் பால். பஸ்கா ரொட்டியும் பெட்டியில் வருகிறது. மணிக்கணக்கில் கிண்டிய அல்வா, அரைமணியில் தட்டில் உறைகிறது. மூத்தோர்க்கு இது குறையாகத் தோன்றலாம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கோ, சொல் மாறினும் பொருள் மாறாதிருத்தலே தேர்வு என்று படுகிறது. சைனாகிராஸில் செய்த அல்வாவிலும் பால் சேரவில்லை, பொருள் நிற்கிறது. ஆயினும், கோதுமைப் பாலின் பதம் அறிந்த கைகள் குறைந்துவருகின்றன என்பதும் உண்மை. அப்பதத்தை ஏட்டில் மட்டும் எழுதிவைத்துக் காத்தல் இயலாது. பக்கத்தில் நின்று கற்றாக வேண்டும்.

இறுதியாக ‘மலீதா’வைச் சொல்ல வேண்டும். நனைத்த அவலில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலமும் சேர்த்து, சுற்றிலும் பழங்களை அடுக்கி, எலியா தீர்க்கதரிசியை நினைந்து பெனே இஸ்ரேலர் படைக்கும் தட்டு அது. மரங்களின் புத்தாண்டிலும் மங்கல வேளைகளிலும் அதனைக் காணலாம். கோகுலாஷ்டமி அவலை உண்டவர்க்கு அதன் சுவை அந்நியமாகாது.

இஸ்ரேலில் டிமோனா, அஷ்தோத், லோத் முதலிய நகரங்களில் குடியேறிய பெனே இஸ்ரேலர் அங்கும் மலீதா படைக்கின்றனர். ஏனைய யூதர்க்கு அது புதுமை. கொங்கணத்தில் பாலை விலக்கியதும் சனிக்கிழமை செக்கை நிறுத்தியதும் இவர்களை யூதரென்று காட்டின. யூதரே நிறைந்த நாட்டிலோ, அவலும் தேங்காயும் இவர்களைக் கொங்கணத்தார் என்று காட்டுகின்றன. ஒரு காலத்தில் வேறு வழியின்றி ஏற்ற பொருளே, பேரப் பிள்ளைகளுக்குப் பிதுரார்ஜிதமாகிவிட்டது. பிறந்த ஊரை விட்டு வந்து, கிடைத்ததைக் கொண்டு பண்டிகை நடத்தும் எவருக்கும் இதில் ஓர் ஆறுதல் உண்டு.