படச்சுருள் மாறும் நேரம்



சினிமாவே பாவம் என்போர் உண்டு. 1905-இல் திருச்சி இரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் கருவி வாங்கி ஊர் ஊராகக் காட்டியது இயேசுவின் வாழ்க்கைப் படம்தான். 1936 சுற்றுமடலில் பாப்பரசர் பதினொன்றாம் பத்திநாதரும் விழிப்பாயிருக்கச் சொன்னாரே தவிர, கண்ணை மூடச் சொல்லவில்லை.

16 மி.மீ. கருவியில் 1,600 அடிச் சுருள் சுமார் 44 நிமிடம் ஓடும். அடுத்ததை மாட்டும்வரை விளக்கு எரியும். அப்பன் செய்தது நியாயமா, மகன் செய்தது நியாயமா என்று வாக்குவாதம் கிளம்பும். (சுருள் அறுந்தால் இன்னும் நல்லது!) கைபேசியில் அந்த இடைவெளி இல்லை. லாங் பஜாரில் கடையடைத்து வீடு திரும்பும் நாம், பிள்ளை இன்று என்ன பார்த்தான் என்று கேட்கிறோமா?

ஜூபிலி வாரத்தில் மாலைப் பூசைக்குப்பின் ஒரு படம் போட்டு, நடுவில் இருமுறை நிறுத்துவோம். பிள்ளைகளோடு வாருங்கள், வாதாடுவோம்.