கொடுக்க வந்தவர் முதலில் வாங்கினார்



தரங்கம்பாடிக் கடற்கரையில் டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டைக்கு விடுமுறை நாளில் போகிற கூட்டம், மதில்மேல் ஏறிப் படமெடுத்துக்கொண்டு, மணலில் கொஞ்சம் நடந்துவிட்டு ஊர் திரும்பிவிடும். கோட்டைக்குப் பக்கத்திலேயே ராஜ வீதியில் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. அதற்குள் எட்டிப் பார்க்கிறவர் குறைவு. உள்ளே, 36 வயதில் இறந்துபோன ஒரு ஜெர்மானியரின் கல்லறை. பெயர் பர்த்தொலொமேயு சீகன்பால்க். இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு தமிழில்தான் வந்தது என்று கிறிஸ்தவ மேடைகளில் பெருமையோடு சொல்வதுண்டு. அந்தப் பெருமையின் கதையை நூல் அச்சான நாளிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். அதற்கு ஒன்பது ஆண்டு முன்னாலிருந்து தொடங்கினால்தான் கதை விளங்கும்.

1706 ஜூலை 9. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய இரண்டு இளைஞர்கள், சீகன்பால்கும் புளுச்சாவும், தரங்கம்பாடியில் கரையேறினார்கள். சீகன்பால்குக்கு மறுநாள் 24 வயது நிறைகிறது. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. வந்த வேகத்தில் தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்யத் தொடங்கியிருந்தால் அவர் பெயரை இன்று யாரும் சொல்லப்போவதில்லை. அவர் செய்தது வேறு. வயது முதிர்ந்த ஒரு தமிழ் வாத்தியாரைப் பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தம் வீட்டுக்கே வரவழைத்தார். வாண்டுகளோடு வாண்டாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். ஐரோப்பிய மொழிகள் சில அறிந்த அழகப்பன் என்பவர் அவருக்குத் துபாஷியாக வாய்த்தார்.

எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் நேரே பைபிளை மொழிபெயர்க்க உட்கார்ந்தாரா? இல்லை. ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். வந்து இரண்டே ஆண்டில், 1708-இல், தாம் சேகரித்துப் படித்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் 119 நூல்கள். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். வேதம் சொல்ல வந்த பாதிரியார் ஔவையிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை இந்த அவை கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கொடுக்க வந்தவர் முதலில் வாங்கினார். அதற்கப்புறம்தான், 1708 அக்டோபரில், புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுதத் தொடங்கினார்.

தொடங்கிய மறுமாதமே சிறை. பிடித்து அடைத்தவர்கள் தமிழர்கள் என்று நினைத்தால் தவறு. கோட்டையின் டேனியத் தளபதியோடு வந்த சச்சரவில், தம்மை அனுப்பிய அரசனின் கொடி பறந்த கோட்டையிலேயே ஏறக்குறைய நான்கு மாதம் அடைபட்டுக் கிடந்தார். வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1711 மார்ச்சில் கையெழுத்துப் படி முடிந்தது.

அச்சிட வேண்டுமே! லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் ஓர் அச்சுப்பொறியைக் கப்பலேற்றியது. அந்தக் கப்பலைப் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மீண்டு வந்த பயணத்தில் அச்சுப்பொறியோடு வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். பொறி வந்து இறங்கியபோது அதை ஓட்ட ஆளில்லை. டேனியப் படையில் இருந்த ஒரு ஜெர்மன் சிப்பாய்க்கு அந்த வேலை தெரிந்திருந்தது, பிழைத்தார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. எழுத்துகளோ பெரிது, கையிருப்புக் காகிதமோ கொஞ்சம். முழுப் புதிய ஏற்பாட்டுக்கும் காணாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத் தகடுகளை உருக்கினார்கள் என்றுகூட அச்சு வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பக்கத்திலிருந்த பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் கட்டினார்கள். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இல் வெளிவந்தன. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாயிற்று.

இதற்கு 137 ஆண்டுகளுக்கு முன்பே, 1578-இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற சேசு சபைப் பாதிரியார் தந்த அந்தச் சின்னஞ்சிறு செபநூலுக்கும், தொடர்ந்து வந்த தமிழ் அச்சு வேலைக்கும் பணம் கொடுத்தவர்களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் உண்டு. கடலில் மூழ்கிச் சம்பாதித்த காசு அது. தரங்கம்பாடி லுத்தரன்களின் புதிய ஏற்பாடு வந்த பிறகு, கத்தோலிக்கரான வீரமாமுனிவர் அதன் தமிழ்நடையைக் கடுமையாகச் சாடினார் என்பதும் வரலாறு. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தரங்கம்பாடித் தமிழ் கொச்சையான தமிழ்தான். கொச்சையாக இருந்தாலும் அதை ஒருவன் எப்படிப் படித்தான் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது.

தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரராக இருந்தவர் ராஜநாயக்கன். கத்தோலிக்கக் குடும்பம். வேதக் கதைகளைக் காதால் கேட்டிருக்கிறார், கண்ணால் படித்ததில்லை. தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷ நூல் ஒன்று 1720-களில் கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்தது. அது தமக்குச் சொந்தமில்லை, திருப்பிக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எனவே எழுத்தாணியை எடுத்து ஓலையில் படியெடுக்கத் தொடங்கினார். அச்சுக்கு வந்துவிட்ட நூலை ஒருவர் மறுபடியும் ஓலைக்குக் கொண்டுபோகிறார்! வாள் பிடித்துத் தழும்பேறிய கை, இரவு விளக்கில் ஒவ்வோர் எழுத்தாகக் கீறியிருக்கும். அச்சுப் பிரதிகள் தரங்கம்பாடியில் கிடைக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டு அங்கே தொடர்பு வைத்தார், உபதேசியாரும் ஆனார். குடும்பத்திலும் ஊரிலும் அதற்காக அவர் பட்ட துன்பம் கொஞ்சமில்லை. அந்தப் பிரதியை அவர் கையில் யாரும் வலியத் திணிக்கவில்லை. தாகம் அவருடையது.

இன்றைக்குப் பேருந்து நிலையத்தில், முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒருவர் கையில் துண்டுப் பிரசுரத்தைச் செருகிவிட்டு அடுத்தவரிடம் நகர்கிற உற்சாகத்தைப் பார்க்கும்போது ராஜநாயக்கனின் ஓலை நினைவுக்கு வருகிறது. செருகிய தாள் அடுத்த நிமிடமே வேர்க்கடலைப் பொட்டலமாகிறது. கொடுத்தவருக்குக் கணக்கு ஏறுகிறது, அவ்வளவுதான். பெற்றுக்கொள்பவர் என்ன படிக்கிறார், எதைக் கும்பிடுகிறார், எதற்காக அழுகிறார் என்று கேட்கப் பொறுமையில்லாத கை நீட்டும் வேதத்துக்கு மரியாதை எங்கிருந்து வரும்?

சீகன்பால்க் கேட்டார். கேட்டதையெல்லாம் தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய பெரிய நூலாக 1713-இல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த மிஷன் பெரியவர் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். புறமதத்தை ஒழிக்கப் போனவருக்கு அதைப் பற்றி ஐரோப்பாவில் கதை பரப்புகிற வேலை எதற்கு என்பது அவருடைய எண்ணம். நூல் தூங்கிக் கிடந்து 1867-இல் சென்னையில்தான் அச்சேறியது. இருவரும் ஒரே நம்பிக்கைக்காரர்கள். ஒருவர் மணலில் உட்கார்ந்து எழுதிப் பழகியவர், மற்றவர் அந்த மணலைப் பார்த்ததே இல்லை. வேறுபாடு அங்கேதான்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கதைக்கு இன்னொரு முகம் உண்டு. வெஸ்லியன் பாதிரியார் பீற்றர் பெர்சிவல், பைபிளின் தமிழைச் செப்பம் செய்யத் துணைக்கு அழைத்தது தம் பள்ளியில் படித்து அங்கேயே கற்பித்த ஒரு சைவ இளைஞரை. அவர்தான் ஆறுமுக நாவலர். வசனம் வசனமாக இருவரும் உழைத்த பதிப்பு 1850-இல் வெளிவந்தது. நாவலர் மதம் மாறவில்லை. மாறாததோடு நிற்கவில்லை. வண்ணார்பண்ணையில் 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், அச்சுக்கூடம் வைத்தார், சைவ நூல்களைப் பிழையறப் பதிப்பித்தார், மிஷனரிகளை எதிர்த்துப் பேசினார், எழுதினார். பள்ளியும் அச்சும் பிரசங்கமும் ஒரு சமயத்துக்கு என்ன செய்யும் என்பதை அவர் பெர்சிவலுக்கு அருகிலிருந்தே பார்த்தவர். மிஷனுக்கு இது தோல்வி என்பவர்கள் சொல்லட்டும். தம் வேதத்தின் தமிழ் நன்றாக அமைய வேண்டும் என்பதற்காக, தம் நம்பிக்கையை ஏற்காதவரின் புலமைக்கு முன் தலைவணங்கிய பெர்சிவலைவிட அந்த நூலை மதித்தவர் யார்?

கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' 1995-இல் வந்தது. வீரமாமுனிவர் காலத்துச் சண்டையை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பார்வையற்றோருக்குப் பிரெயில் பதிப்பு தடித்த தடித்த தொகுதிகளாக, அலமாரியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கைப்பேசியில் இன்று அத்தனையும் இலவசம். காகிதம் போதாமல் ஆலை கட்டிய ஊர் தரங்கம்பாடி. இன்றைய குறை காகிதத்தில் இல்லை, வாசிப்பில். கண் மங்கிய பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அதிகாரம் உரக்கப் படித்துக் காட்டும் பேரப்பிள்ளைகள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்?

கடைசியாக இந்த ஊர்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பல வீடுகளில் பாட்டன் காலத்து வேதாகமம் ஒன்று துணியில் சுற்றிப் பரண்மேல் இருக்கும். அதன் முதல் தாளில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு எல்லாம் மையில் எழுதியிருக்கும். கூடவே ஊர்ப் பெயர்கள், பஞ்ச காலத்துக் குறிப்புகள். அவற்றைக் கரையான் தின்பதற்குள் இறக்குங்கள். அந்தத் தாள்களைப் படமெடுத்து நூலகத்தில் ஒரு படி, சபையில் ஒரு படி கொடுத்து வையுங்கள். பழைய கையெழுத்து புரியாத இடங்களை வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வருஷமே கேட்டுப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.